கழித்துப் போட்ட கச்சான்

மூதூர் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய எங்கள் கச்சான் ஸ்டோரில் வைத்துத்தான் என் தம்பி நஸ்ரியை அடித்தேன். கையில் தொடங்கி, செருப்புக்கு மாறி, கடைசியில் மூட்டை இழுக்கிற கொக்கியின் மரப்பிடியால் அடித்தேன். அவன் கண் இரண்டும் மஞ்சள். வயிறு ஊதிக் கிடந்தது. ஜெமீலின் தம்பி களவாகக் குடிக்கிறான் என்று கடைத்தெருவே கதைத்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவன் நான். எனக்கு எரியாதா?

"அல்லாட மேல சத்தியமா நான் தொட்டதே இல்ல நானா!" என்று அண்ணனான என்னிடம் கெஞ்சினான்.

"பொய் சொல்ற வாயை உடைப்பன்டா!"

உடைத்தேன். இரண்டு பல் சீமெந்துத் தரையில் விழுந்தன. சோற்றுப் பார்சலோடு வந்த அவன் மனைவி சுஹைரா குறுக்கே பாய்ந்தாள். அவளையும் தள்ளிவிட்டேன். தராசில் மோதி அவள் நெற்றி பிளந்தது. நஸ்ரி திருப்பிக் கை ஓங்கவே இல்லை. அதற்கும் சேர்த்து ஒன்று போட்டேன்.

அன்று பின்னேரமே அவளுடைய வாப்பா கிண்ணியாவிலிருந்து வந்து அவளைப் பலவந்தமாகக் கூட்டிப் போனார். குடிகாரனோடு என் மகள் வாழ மாட்டாள் என்றார். கூட்டிப் போங்கள், அப்போதுதான் இவனுக்குப் புத்தி வரும் என்று நானும் சொன்னேன். என்ன பெரிய மனுசன் நான்!

ஐந்தாம் நாள் நஸ்ரி இரத்தமாகச் சத்தி எடுத்தான். ஏசிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் ஜெயரூபி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கல்லீரல் புற்றுநோய். நல்லாப் பரவீட்டுது. நாள் கனக்க இல்லை."

"குடிதானே டொக்டர்?"

"ஆர் சொன்னது? இவருக்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கு. பிறக்கேக்குள்ளயே தாயிட்ட இருந்து வந்திருக்கலாம். சாப்பாடு என்ன மாதிரி?"

சொன்னேன். நல்ல கச்சானைத் தெரிந்தெடுத்து விற்போம். கறுத்தது, சுருங்கினது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் கழித்து வைப்போம். உணவை வீசினால் அல்லாஹ்வின் பரக்கத்துப் போய்விடும் என்று நான்தான் சட்டம் போட்டேன். அதைக் கழுவி, மிளகாய்த்தூள் போட்டு வறுத்து, ஸ்டோரில் என்னோடு வேலை செய்த நஸ்ரிக்குக் கொடுப்பேன். பன்னிரண்டு வருடமாக அவனுக்குக் காலையும் அதுதான், தேத்தண்ணிக்கும் அதுதான்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அந்தப் பூஞ்சணத்தில ஒரு நஞ்சு இருக்கு. கல்லீரலில கட்டி வளராமக் காவல் காக்கிற மரபணு ஒண்டு இருக்கெல்லோ, அதையே அது பழுதாக்கும். வைரசும் சேர்ந்தா ஆபத்துப் பல மடங்கு. இதாலதான் வந்தது எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா..."

"வறுத்துத்தானே குடுத்தன்!"

"வறுத்தாலும் முழுசாப் போகாது. நீங்கள் அதைச் சாப்பிடுறனீங்களோ?"

"எனக்குக் கச்சான் வாசமே ஆகாது."

ஸ்டோருக்கு ஓடினேன். கத்தியை எடுத்து, கழித்து வைத்த மூட்டைகளைக் கண்டபடி குத்திக் கிழித்தேன். சட்டியைச் சுவரில் அடித்தேன். தலையையும் அடித்தேன். யா அல்லாஹ், என்ன வேலை பார்த்துவிட்டேன்!

வார்டுக்குத் திரும்பியபோது நஸ்ரி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சுஹைராட்டச் சொல்லுங்க நானா, நான் குடிக்கல்லெண்டு. அவள் ஒருக்கா வந்தாக் காணும்."

கிண்ணியாவில் சுஹைராவின் வாப்பா வாசல் படலையை மறித்து நின்றார். அவன் குடிக்கவில்லை, நஞ்சு கொடுத்தது நான்தான் என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் விட்ட அறையில் காது அடைத்தது. மற்றக் கன்னத்திலும் விழுந்தது. நெற்றியில் தையலோடு சுஹைரா வெளியே வந்தாள்.

"அவர் குடிக்கல்லெண்டு நான் அண்டைக்கே கத்தினேன் மச்சான். உங்கட காதில ஏறல்ல."

வாப்பா தடுத்தும் நிற்காமல் அவள் ஆட்டோவில் ஏறினாள்.

அவள் கையைப் பிடித்ததும் நஸ்ரி சிரித்தான். பல் போன இடம் தெரிந்தது. தலையணை சரிந்து கிடந்தது. நேராக்கலாம் என்று நான் கையை நீட்டினேன்.

நஸ்ரி சுஹைராவின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.