சன்னல் பக்கம் உருண்ட கோலிக்குண்டு

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர் தெருச் சங்கக் கூட்டங்களுக்கு ஒரு கோலிக்குண்டோடுதான் போவார். மண்டபத்தின் சரிநடுவில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, குண்டைக் கால்களுக்கு இடையே தரையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த மண்டபத்தின் தரை ஆட்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும்; கட்டிய நாள் முதல் அப்படித்தான். தீர்மானத்தை ஏற்பவர்கள் சன்னல் பக்கமும் மறுப்பவர்கள் வாசல் பக்கமும் போய் நிற்பது வழக்கம். குண்டு உருளத் தொடங்கியதும் அவர் எழுந்து அதன் பின்னாலேயே நடப்பார். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தோற்ற பக்கத்தில் நின்றதில்லை. "மத்தவங்களுக்கு மூளை தலையில இருக்கும், உங்களுக்குச் சட்டைப்பையில இருக்கு" என்பாள் அவர் மனைவி. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு இரண்டு வீடுகளில் திருட்டுப் போனது. பூட்டுகள் உடைபடவில்லை என்று யாரோ சொல்ல, தெருமுனையில் மரப்பெட்டிக் கடை வைத்து மாற்றுச்சாவி வெட்டிக் கொடுத்துவந்த சாவிக்கார அம்மாளின் மேல் எல்லாருடைய பார்வையும் விழுந்தது. அவளை அகற்றும் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது. சங்கத் தலைவரான ரொட்டிக்கடைக்காரர் அதைப் படித்து முடித்தபோது மாலை நான்கரை மணி. யாரும் எழவில்லை. அப்போது மேற்குச் சன்னல் வழியே வெயில் நேராகக் கண்ணாடிக்காரரின் கண்ணில் விழுந்தது. கண் கூசவே, சன்னலுக்குக் கீழே இருந்த நிழலுக்கு நான்கு எட்டு நகர்ந்தார். ஒற்றை ஆளின் எடைக்குத் தரை ஒரு விரற்கடை சாய்ந்தது. குண்டு உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. பெரும்பான்மை இந்தப் பக்கம்தான் போலும் என்று எண்ணி அவர் அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்களும் பல ஆண்டுகளாக ஓரக்கண்ணால் அந்தக் குண்டைத்தான் பார்த்துவந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரும் சன்னல் பக்கம் சேர்ந்தார்கள். வாசல் பக்கம் ஈ காக்கை இல்லை.

சாவிக்கார அம்மாள் மறுநாளே வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைக்குப் போய்விட்டாள். மண்டபத்துத் தரை அதன்பின் நிமிரவில்லை. ஆளில்லாத நாட்களிலும் சாய்ந்தே கிடந்தது. சாய்வு மெல்லத் தெருவுக்கும் பரவியது. டம்ளர்களில் பால் ஒரு பக்கமாக ஏறி நின்றது. தூங்குபவர்கள் உருண்டு சுவரில் முட்டி விழித்தார்கள். சுவர்க்கடிகாரங்கள் நின்றுபோயின. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அட்டையை மடித்துக் கட்டில்கால்களுக்கு அண்டை கொடுத்துக்கொண்டார்கள். எங்கோ பிடிபட்ட திருடன், அந்த இரண்டு வீடுகளிலும் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியதாக ஒப்புக்கொண்ட பிறகும் பேசவில்லை.

ஆனால் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் இருட்டறையில் மனிதர்கள் தனியாக இருப்பார்கள். எழுத்துகளைப் படித்துக்கொண்டே, ஒருவர் பின் ஒருவராக, அந்த அம்மாளை அனுப்பியிருக்க வேண்டாம், எல்லாரும் ஆசைப்பட்டார்களே என்றுதான் போனேன் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களைக் கண்ணாடிக்காரர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்றாவது ஆளாக ரொட்டிக்கடைக்காரர் வந்தார். "எனக்கு இஷ்டமே இல்லப்பா. உன் குண்டு உருண்டுச்சு, சரி, ஊரே முடிவு பண்ணிட்டுதுன்னு நினைச்சேன்" என்றார். கண்ணாடிக்காரரின் கையிலிருந்த கண்ணாடி வில்லை நழுவி, மேற்குச் சுவரை நோக்கி உருண்டது. அன்றிலிருந்து அவர் கடைக்குள்ளேயே நடந்தார், உட்கார்ந்த நாற்காலியைவிட்டு உடனே எழுந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சுக் கால்களைப் பிடித்துப் பிடித்து, சரிந்த தரையில் வாசல் பக்கம் ஏறினார். இரண்டு முறை வழுக்கினார். சிலர் சிரித்தார்கள். மேலே போய்ச் சேர்ந்து, வாசல் நிலையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு என் கண்ணுல வெயில் பட்டுச்சு. அதுக்குத்தான் நகர்ந்தேன்."

"அப்போ குண்டு?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நான் நகர்ந்ததுனாலதான் அது உருண்டுச்சு."

முதலில் அவர் மனைவி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். அவள் பின்னால் ரொட்டிக்கடைக்காரர் ஏறினார். அறுபத்தோரு பேர் ஏறினார்கள், மற்றவர்கள் ஏறவில்லை. பழைய தீர்மானத்தை ரத்துசெய்ய அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் கண்ணாடிக்காரர் அக்கரைக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சாவிக்கார அம்மாள் அரத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்க பொண்ணு குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டு அழுதப்போ, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டா தொறந்தேன்?" என்றாள். அவர் குனிந்து, அந்த இரும்பு இயந்திரத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். அவள் அரத்தையும் சாவிக்கொத்துகளையும் சாக்கில் அள்ளிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

தெரு முன்னைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது; முழுதாக நிமிரவில்லை, இன்றுவரையிலும் இல்லை. முனை திரும்பும்போது அவர் கால் தடுமாறியது.

"மேற்கால இழுக்குதுண்ணே. இந்தப் பக்கமா நடங்க" என்றாள் அவள்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் கிழக்கே சாய்ந்து நடந்தார்.