குமிழுக்குப் பொட்டு

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. கோவைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் பழனிவேல் பாதி இடது அறையிலும் பாதி வலது அறையிலும் இருந்தார்.

அவர் மனைவி கோமதி வழக்கம்போல் பார்க்க வந்தாள். அறைகள் இரண்டும் குவாண்டம் புள்ளிகள், அதாவது ஒரு துகளை அடைத்து வைக்கும் நுண்சிறைகள். நடுவே மீக்கடத்தியால் ஆன நடைவழி. அதில் தடை என்பதே கிடையாது. ஓர் அடி எடுத்து வைத்தால் மறுமுனை வந்துவிடும்.

"சாப்பிட்டீங்களா?" என்று இடது அறையில் கேட்டாள்.

"சாப்பிட்டேன், ஆனா" என்றது இடப்பாதி.

மீதியைக் கேட்க வலது அறைக்குப் போனாள்.

"உப்புப் பத்தல" என்றது வலப்பாதி.

இந்த நிலைக்கு ஆற்றல் பூஜ்யம். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டடத்துக்கு ஒன்றுதான். இந்த நிலையைப் பிடித்து வைத்திருக்கும், சுவரில் இருந்த திருகு குமிழ் மட்டும் மயிரிழைகூட நகரக் கூடாது. நகர்ந்தால் பாதிகள் ஒன்றையொன்று உணர்ந்து நெருங்கும். சேர்ந்தால், முழு ஆள் வரலாம். ஒன்றுமே வராமலும் போகலாம்.

"நடுவுல இன்னும் பத்து அறை இருந்தா குமிழ் நகர்ந்தாலும் பயமில்லீங்க" என்று பொறியாளர் வத்சலா முதல் நாளே சொல்லியிருந்தார். "ரெண்டுதான் கட்டிக் குடுத்தாங்க."

ஊழியர் ரங்கசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். குளிர்விப்பானுக்குப் பொட்டு வைத்தார். கணினிக்கு வைத்தார். நாற்காலிக்கும் வைத்தார்.

"அண்ணா, குமிழுக்கு வேண்டாங்க" என்றாள் கோமதி.

"அதெப்படிங்கம்மா? உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்திட்டு இருக்கறதே அதுதான். அதை விட்டுட்டு நாற்காலிக்கு வெச்சா நல்லாவா இருக்கும்?"

மெதுவாகத்தான் விரலை வைத்தார். சந்தனம், அதன்மேல் குங்குமம். குமிழ் மயிரிழை நகர்ந்தது.

நடைவழி சுருங்கியது. இரண்டு பாதிகளும் அறைகளை விட்டு வெளியே வந்தன. கோமதி நடைவழியின் நடுவில் நின்றிருந்தாள். ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

"கோமதி, வீட்டுக்கு" என்றது இடப்பாதி.

"போலாம்" என்றது வலப்பாதி.

முதன்முறையாக, நடக்காமலே முழு வாக்கியமும் அவளுக்குக் கேட்டது.

பாதிகள் சேர்ந்தன. பூஜைக்கு வந்திருந்த வத்சலா மீட்டரைப் பார்த்தார்.

"என்ன வந்துச்சுங்க?" என்றாள் கோமதி.

"ஒண்ணுமில்லீங்க."

"இன்னொரு தடவை பாருங்க."

"பார்த்துட்டேன். ரொம்பச் சுத்தமான ரீடிங்."

மணி அடித்துத் தீபம் காட்டினார்கள். ரங்கசாமி ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார். நான்கு கட்டி வைத்திருந்தார். ஒன்று மீந்தது.