வெளிச்சம் தெரிந்த மூலை

1

அன்று எங்கள் தச்சுப் பட்டறையில் இருந்தவர்கள் நாலு பேர்: நல்லையா; அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மனைவி புஷ்பம்; புஷ்பத்தின் மகள் ஜீவராணி, மேசைவாளை ஓட்டுபவள்; இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த மாணிக்க வியாபாரி நுஹ்மான். ஐந்தாவதாக நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்பவர் எவரும் அங்கே இருக்கவில்லை.

இந்தக் கதை எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிவித்திகல சந்தியில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. அதை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி எழுதுவதுதான். நல்லையா என்பது நானே. 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம் போல இருந்தது. ஆகவே இனி நல்லையா.

'அன்று காலை மழை கொட்டிக்கொண்டிரு'

(இரத்தினபுரிப் பக்கத்தில் மழை ஒரு செய்தியா? விட்டுவிட்டேன்.)

நுஹ்மான் கொண்டுவந்தது, இந்தப் பட்டறையில் செய்த கல் காட்டும் பெட்டி. கண்ணாடி மூடி, சரித்து வெட்டி ஒட்டிய நாலு மூலைகள். அதை வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது.

"மூல தொறந்து ஈக்கிது, பாருங்களே. சரிபண்ணித் தாங்க."

பெட்டியைக் கொடுப்பதற்காக உள்ளே இருந்த கற்களை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டினார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒண்டு கொறயிது."

ஒரு சின்ன நீலக்கல். வரும் வழியில் விழுந்ததா, அங்கேயே விழுந்ததா, யாருக்குத் தெரியும்? தரையிலிருந்த மரத்தூள் முழுவதையும் புஷ்பம் மாச் சல்லடையில் அரித்தார். ஆணி வந்தது, பொத்தான் வந்தது. கல் வரவில்லை.

"பரவால்ல, உடுங்கண்ணே," என்றார் நுஹ்மான்.

ஏசியிருந்தால் நல்லையா பதிலுக்கு ஏசியிருப்பார். பரவாயில்லை என்றவரிடம் என்ன பேசுவது?

2

நுஹ்மானைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அவர் சந்தியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சல்லடையைக் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போன இடத்தில், கல் காணாமல் போனதைப் புஷ்பமே சொன்னார். அது சந்திக்கு வரும்போது, கல்லை நாங்கள் எடுத்துவிட்டோம் என்று ஆகியிருந்தது.

மூலை ஏன் திறந்தது? மேசைவாளில் ஒரு பள்ளம் ஓடும். மைட்டர் கேஜின் இரும்புப் பட்டை அதில் வழுக்கிப்போகும். அதுதான் பலகையைச் சரிந்த கோணத்தில் பிடித்து வாளிடம் கொண்டுபோகிறது. பழைய கேஜ் பள்ளத்துக்குள் ஆடும். ஆட்டம் தெரியாமல் இருக்க, பால்மா டின்னை வெட்டி ஒரு தகட்டை ஜீவராணி இடையில் செருகியிருந்தாள். ஆயுத பூசைக்கு வாளைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது, குப்பை என்று அந்தத் தகட்டைப் புஷ்பம் எறிந்துவிட்டார். புதிதாகச் செருகிய தகடு ஒரு மயிரளவு மெல்லியது; கோணம் தப்பியது.*

"சாமிக்குத்தானேடி சுத்தம் பண்ணேன்!"

"சாமி ஒண்ணும் சொல்லலம்மா. கேஜ்தான் சொல்லுது."

* இதை வெளியில் சொன்னால் புஷ்பத்தின் தலையில் விழும். சொல்லாவிட்டால் எல்லோர் தலையிலும் விழும். சொல்லச் சொன்னது புஷ்பம்தான்.

3

நுஹ்மான் புதுப் பெட்டிகளும் கேட்டிருந்தார். ஜீவராணி போனில் ஒரு புது மைட்டர் கேஜின் படத்தோடு நல்லையாவிடம் வந்தாள்.

"இதுதான் பெரியப்பா. பட்டையில ஸ்குரூ இருக்கு, பள்ளத்துக்கு ஏத்த மாதிரி இறுக்கிக்கலாம். நாப்பத்தஞ்சு பாகையில டக்குனு பூட்டு விழுது. பலகைய சாத்துற நீட்டுச் சட்டத்துல ஸ்டொப்பர் வேற. எதிர்ப்பக்கம் ரெண்டும் ஒரே நீளம் வராட்டி மூலை சேராது."

"எஹலியகொட கடையில விக்கிறாங்களே, அது?"

"அதுவும் ஆடும். ஆடுறதுக்குப் புதுசு எதுக்கு?"

நல்லையா எழுந்து நின்றார். அவர் பயந்தது விலைக்கு அல்ல. புஷ்பத்தின் சீட்டு விழுந்து கையில் பணம் இருந்தது. சீட்டில் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் அது தெரியும். ஆனால் சந்தியில் பேசுகிற ஆண்கள் பெண்களிடம் கேட்டுவிட்டா பேசுகிறார்கள்?

"இப்ப போயி நல்லதா வாங்குனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? கல்ல வித்து வாங்குனாங்கன்னு சொல்லுவாங்க."

"வாங்காட்டி அடுத்த பெட்டியும் தொறக்கும். அப்ப இன்னொரு கல்லும் எடுத்துட்டோம்னு சொல்லுவாங்க. எது வேணும் உங்களுக்கு?"

(இங்கே நல்லையா கம்பீரமாக ஏதோ சொல்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தார்.)

4

கேஜை வாங்கக் கொழும்புக்கு அவரே போனார், வெள்ளை வேட்டியில். கடைக்காரர் கேஜைப் பெட்டியில் போட்டுக் கட்டப் பார்த்தபோது தடுத்தார்.

"பெட்டி வேணாங்க. இப்படியே குடுங்க."

ஒளித்துக் கொண்டுபோனார் என்று யாரும் சொல்லக்கூடாது. பஸ்ஸில் நீட்டுச் சட்டத்தோடு மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எஹலியகொடவில் கொண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"மொகக்த மாமே மேக?"

என்னவென்று அவன் கேட்டதற்கு, பெட்டி மூலை வெட்டுகிற சாமான் என்று சிங்களத்திலேயே உரக்கச் சொன்னார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. நிவித்திகல வரும்வரை அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தார்.

5

முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்றில், கல் மரத்தூளில் கிடைக்கிறது. அப்படியானால் அது எங்கள் தரையில் கிடந்தது என்றாகும். அடித்தேன்.

அடுத்ததில், பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில் கிடைக்கிறது. அப்படியானால் நுஹ்மான் பார்க்காமல் பேசியவராகிறார். அவர் குடும்பத்துக்கும் மானம் உண்டு. அடித்தேன்.

மூன்றாவது, நடந்தது. நுஹ்மான் வந்தார். புதுப் பெட்டியை வாசலில் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மூலையாகத் திருப்பினார். எந்த மூலையிலும் வெளிச்சம் இல்லை.

"மாஷா அல்லாஹ். மத்தப் பெட்டியளும் இப்பிடியே செஞ்சி தாங்க."

"அந்தக் கல்லு?" என்றார் நல்லையா. ஜீவராணி வாளை நிறுத்தினாள்.

"கெடைக்கல்லண்ணே."

பரவாயில்லை என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. அவர் எங்களை நம்புகிறாரா என்பதை நான் எழுத முடியாது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சந்தியில் பேச்சு மாறியிருக்கிறது. நல்லையா கல்லைக் கண்டெடுத்து, யாருக்கும் தெரியாமல் இரத்தினபுரிக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், பெரிய மனிதராம். கோயிலில் ஒருவர் கையெடுத்தும் கும்பிட்டார்.

அது பொய். எங்களிடம் கல் இருக்கவில்லை. நாங்கள் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.