முக்கால் சோக்

இறந்து பதினோரு மாதம் ஆன பிறகும், பம்ப் ஆபரேட்டரின் மனைவி தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவனுடைய பைக்கின் சோக்கைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

சோக்கைத் தூக்கினால்தான் குளிர்ந்த இன்ஜின் பிடிக்கும். உயிரோடு இருந்தபோதும் அது அவள் வேலைதான். அவன் சட்டைப் பொத்தான் போடும் நேரத்தில் வாசலுக்குப் போய் சோக்கைத் தூக்கிவிட்டு வருவாள். அவன் வந்து ஒரே உதை. ஆறு வருடம் இப்படி. அவள் சம்பளத்தில் பழையதாக வாங்கிய வண்டி. அவளைவிட ஒரு வயது மூத்தது. அவள் போன பிறகு சோக்கும் இனித் தன் பொறுப்பு என்று அவன் நினைத்தான். லீவர் டாங்குக்கு அடியில் இடப்பக்கம், நிற்பவன் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது. குனிந்து பார்க்காமல் விரலால் துழாவி, எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் தள்ளுவான். இப்படி அவள் தூக்கி வைத்ததை அவன் தினமும் இறக்கிவிட்டான். வெயில் மாதங்களில் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. குளிர் வந்ததும் முப்பது உதை, நாற்பது உதை என்று ஆனது. சலித்துப்போய் லீவரை முழுதாகத் தூக்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்குவான், பிளக் நனைந்துவிடும். பிறகு பம்ப் ஹவுஸுக்கு நடை. ஆறு மணித் தண்ணீர் ஏழுக்கு வந்தது. நான்கு தெருக்கள் அவனைத் திட்டின.

மாடியில் அவளுடைய அண்ணன் குடியிருந்தான். வெள்ளிக்கிழமை படியில் நின்றே சொன்னான்:

"மாப்ள, இது என் தங்கச்சி வண்டி. ஓட்டுறதுன்னா ஓட்டுங்க. தினம் வாசல்ல வெச்சு உதைக்கிறத என்னால பாக்க முடியல. ஞாயித்துக்கிழமை காலைல எடுக்கலன்னா பழைய இரும்புக்கடைக்குப் போட்டுர்றேன்."

அவளுடைய துணிகளை அவன் முதல் மாதமே கொடுத்துவிட்டிருந்தான். கொடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. மிச்சம் இருந்தது வண்டி ஒன்றுதான்.

அதற்கு முந்தைய வாரமே மெக்கானிக்கிடம் காட்டியிருந்தான். பெட்ரோல் பாயும் ஜெட் துளை எதையும் வாயால் ஊதிப் பார்த்தே அடைப்பைச் சொல்வதால் மெக்கானிக்குக்கு ஊதல் என்று பெயர். ஊதல் பழைய பெட்ரோலை வடித்தான், பிளக் மாற்றினான், டேப்பெட் பார்த்தான், பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதினான். இரண்டு இரவு கடையிலேயே நிறுத்தினான். இரண்டு விடியலிலும் முதல் உதையில் எடுத்தது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க வீட்லதான் யாரோ கை வைக்கிறாங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மச்சான் போன வாரம் எங்கிட்ட வெல கேட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அதோடு பம்ப் ஆபரேட்டருக்குத் தூக்கம் போயிற்று. மைத்துனனின் துண்டில் பெட்ரோல் வாசம் அடிப்பதாகப் பட்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் எத்தனை தரம் என்று எண்ணினான். வெள்ளிக்கிழமை மாலை முதல்முறையாகக் குனிந்து, லீவர் இறங்கியிருப்பதைப் பார்த்து, அதை அப்படியே கறுப்பு நூலால் கட்டினான். சனிக்கிழமை விடியலில் நூல் அறுந்து கிடந்தது. லீவர் மேலே இருந்தது. தன் விரலின் பழக்கம் தெரிந்தவன்தான் இதைச் செய்ய முடியும் என்று முடிவு கட்டினான். எவனோ தொட்டுவைத்த சோக்கில் வண்டியை எடுக்க மனமில்லாமல், அதை இறக்கிவிட்டு நடந்தே போனான். அன்று மாலை வண்டியைக் கூடத்துக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டினான்.

"என்னையா சந்தேகப்படுறீங்க?" என்று மைத்துனன் இறங்கி வந்தான். "நீங்களே தூக்கத்துல எந்திரிச்சுப் போடுறீங்களோ என்னவோ!"

"எங்கிட்ட இருக்கிற சாவி ஒண்ணுதான். உங்ககிட்ட எத்தனை இருக்கு, மச்சான்?"

ஒருவரை ஒருவர் நம்பாததால் ஊதலை நடுவனாக வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கூடத்தில் வண்டியைச் சுற்றி மூன்று நாற்காலிகள். "மூணு பேரும் கைய மடியில வைங்க. ஜேப்புல விட்டாலும் ஆட்டத்துல சேத்தி இல்ல," என்றான் ஊதல். ஐந்தரைக்கு லீவர் டிக் என்று மேலே போனது. சற்று நின்று, ஒரு நகக்கண் அளவு கீழே வந்தது.

"முக்கால் சோக்," என்றான் ஊதல். "சரியான கை. இந்த வண்டிக்கு முழுசு ஆகாது."

மைத்துனன் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அடுப்பையும் அவ முழுசாத் திருப்ப மாட்டா," என்றான். பம்ப் ஆபரேட்டர் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்கு மாப்ள அதைத் தொட்டீங்க?"

"யாராவது போடணுமேன்னுதான்."

"அதான் போட்டிருக்காளே."

வண்டியை வெளியே தள்ளினார்கள். முதல் உதையில் எடுத்தது. இரும்புக்கடைப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மைத்துனன் காலையில் இறங்கி வந்து குனிந்து பார்த்து, லீவர் வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டான். பிறகு எதிர்வீட்டாரும் அப்படியே செய்தார்கள். தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது. மூன்றாம் வருடம் கார்புரேட்டரை மாற்ற வேண்டி வந்தபோது, ஊதல் கொண்டுவந்ததில் லீவர் வலப்பக்கம் இருந்தது. முதல் இரண்டு நாள் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் லீவரைத் தொடாமல் நடந்தே வேலைக்குப் போனான்.