போர்க்கவிஞரும் புறா இறகு நிறமும்

பெயின்ட் கம்பெனியில் அவருக்கு வேலை, புதிதாக வரும் நிறங்களுக்குப் பெயர் வைப்பது. வெளிர் சாம்பலுக்குப் 'புறா இறகு', மங்கிய பச்சைக்குப் 'பனிப்புல்'. அது பிழைப்பு. மற்றபடி அவர் போர்க்கவிஞர். போரைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்து. பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் நதி அழும், நிலா கறுப்பு உடுத்தும், வரிக்கு ஒரு புறா அடிபட்டு விழும்.

"உங்க கவிதைல மனுஷங்களைவிடப் புறாதான் அதிகமா சாகுது" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார், நிஜப் போரிலிருந்து. கூடத்து சோபாதான் படுக்கை, படுத்தவர் தூங்கினால்தானே. கதவு காற்றில் அடித்தால்கூட எழுந்து சுவரோரம் ஒண்டி நிற்பார். டாக்டர் கொடுத்த மாத்திரை எடுபடவில்லை. கண்கள் குழிவிழுந்து போயின.

கவிஞருக்கு மச்சான் மேல் இரக்கம் உண்டு. கொஞ்சம் பேராசையும் உண்டு. போர்முனையில் என்ன பூ பூத்திருந்தது, பறவைகள் என்ன செய்தன என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார். ஓர் எறும்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்ததாக மச்சான் சொன்னார். அது எளிய மக்களின் குறியீடா என்று இவர் ஆவலாகக் கேட்க, இல்லை, எறும்புதான் என்றார் அவர்.

நூலக அரங்கில் கவிஞர் வாசிக்க வேண்டிய நாள் வந்தது. தானும் வருவதாக மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். கவிஞருக்கு மீனிடம் போய் நீச்சலைப் பற்றிப் பேசப்போகிற கதிதான்.

முன்வரிசையில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தார்கள். கவிஞர் நிமிரத் துணிவில்லாமல், காகிதத்தைப் பார்த்தே ஒரே சுருதியில் வாசித்தார். நதி அழுதது. நிலா உடை மாற்றியது. நாலாவது புறா விழுந்தபோது முன்வரிசையிலிருந்து குறட்டை கேட்டது.

அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. கூட்டத் தலைவர் எழுந்து மச்சானைத் தட்டி எழுப்பப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, மேடையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நிறுத்தாதீங்க. அதே குரல்ல படிச்சுக்கிட்டே இருங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிறுத்தினால் கைதட்டுவார்கள், கைதட்டினால் அந்த மனுஷன் சுவரோரம் ஓடுவார்.

ஆனால் கவிதை தீர்ந்துவிட்டது. கைவசம் வேறு கவிதை இல்லை. வாயில் வந்தது பிழைப்புதான். "மழைமேகம்... ஈர மணல்... புறா இறகு... பனிப்புல்..." என்று கம்பெனியின் நிறங்களை வரிசையாக ஒப்பித்தார். முடிந்ததும் கடைசிப் பெயரிலிருந்து தலைகீழாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் எழுத்துக்கு ஒருவர் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை; அதுவும் சுவர் பெயின்ட்டுக்கு.

மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்ட, கூட்டம் கைதட்டாமல் பூனைபோல் கலைந்தது. தலைவர் மட்டும் அருகில் வந்து, இரண்டாம் பாகம் அபாரம், முதல் பாகத்தை எடுத்துவிடலாம் என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்.

மச்சான் விழித்தபோது அரங்கில் அவர்கள் மூவர்தான். திடுக்கிடாமல், சோம்பல் முறித்து எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க மாப்ள. தூங்கிட்டேன்."

"பரவால்ல மச்சான். எதுவரைக்கும் கேட்டீங்க?"

மச்சான் யோசித்தார். "ஆறு, நிலா, புறா எல்லாம் வந்துச்சு. ரொம்ப நேரமா யாருமே சுடல. அப்படியே கண்ணு சொருகிடுச்சு."

அது பாராட்டா, குத்தலா என்று கவிஞருக்குப் பிடிபடவில்லை. தங்கைக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. அண்ணன் தோளில் தலை சாய்த்து அழுதாள்.

மறுநாள் மாலையிலிருந்து சோபா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். கட்டிலுக்கடியில் விற்காமல் கிடந்த கவிதைத் தொகுப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கவிஞர் படிக்கப் படிக்க, மச்சான் எதிலும் இரண்டாம் பக்கத்துக்குமேல் விழித்திருந்ததில்லை. தன்னுடையதிலேயே மிகச் சிறந்தது என்று கவிஞர் நம்பிய கவிதையைப் படித்த அன்று மட்டும் மச்சான் கடைசி வரி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

அந்தக் கவிதையைக் கவிஞர் அப்புறம் தொடவே இல்லை.