கீழே இறங்காத மண்

அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பவள் என்று என்னைச் சொல்வார்கள். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். காது என்ன செய்யும்?

அடுத்த வீட்டுக்காரியின் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எங்கள் தெருவுக்கு அது பெரிய ஏமாற்றம். துக்கம் கேட்கப் போனவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று மிஞ்சியது சரிவில் ஒரு வயல். அதற்குக் கீழே கொழுந்தனின் வயல். மழை பெய்தால் மேலே உள்ள நல்ல மண்ணெல்லாம் கரைந்து கீழே போய்விடும். இவள் மக்காச்சோளம் இடுப்பைத் தாண்டாது. அவர் சோளத்துக்குள் ஆள் நுழைந்தால் தெரியாது. "எல்லாம் கைராசி" என்று கொழுந்தன் மீசையைத் தடவுவார். அண்ணன் வயல் மண்ணில் விளையும் கைராசி!

இந்த முறை அவள் சோளத்துக்கு முன்னால் சணப்பை விதைத்தாள். வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. பூத்த கையோடு டிராக்டரை வரவழைத்து அப்படியே மடக்கி உழுதுவிட்டாள். சரிவுக்குக் குறுக்கே சில வரிசைகள் மட்டும் பிழைத்து நின்றன. தெரு வாயைப் பிளந்தது.

கொழுந்தனுக்கு இது போதாதா? அன்று சாயங்காலமே குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பாவோடு வந்துவிட்டார். சர்க்கரை கேட்கும் சாக்கில் நானும் உள்ளே போய் நின்றேன்.

"பாத்தீங்களா பெரியப்பா? பூத்து நின்ன பயிரை மண்ணுல போட்டு மூடிட்டாங்க. அண்ணன் போனதுலேருந்து அண்ணிக்கு நிதானமே இல்ல. வயலை இனிமே நான் பாத்துக்கறேன்."

"ஏம்மா அப்படிப் பண்ணின?" என்றார் பெரியப்பா.

"உரத்துக்கு. காய் பிடிச்சா தண்டு முத்தி நாராயிடும், மக்காது."

"நடுவுல நிக்கிறது?"

"மண்ணைப் பிடிச்சுக்க."

நானாக இருந்தால் இந்நேரம் நாலு பாத்திரம் பறந்திருக்கும். அவளோ கடையில் வாங்கியதை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். "இந்த ஒரு போகம் பாப்போம். சோளம் தேறலைன்னா வயலைத் தம்பிகிட்ட விட்டுடு."

"சரி" என்றாள். வயல் போனால் அவளுக்குச் சோற்றுக்கு வழியில்லை. அதற்கும் ஒரு 'சரி'தான்.

சோளம் முளைத்த பிறகு மழை கொட்டித் தீர்த்தது. வேடிக்கை பார்க்கத் தெருவே குடையோடு கிளம்பியது. சணப்பை வரிசைகளில் தட்டி நின்று மெல்ல வடிந்த தண்ணீரில் கலங்கலே இல்லை.

அறுவடையன்று மேல் வயல் கதிர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. கீழ் வயலில் கதிர்கள் சூம்பிக் கிடந்தன; கொழுந்தனின் கைராசிக்குத்தான் சளி பிடித்திருந்தது. பெரியப்பா ஒரு கதிரை உரித்து, மணியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"வயல் உன்கிட்டயே இருக்கட்டும்மா."

கொழுந்தன் நெளிந்தார். "இந்த வருஷம் மண்ணே கீழ வரலியே அண்ணி."

"வராது."

"அப்ப என் வயலு?"

"நீயும் சணப்பை போடு."

ஒரு சண்டையாவது நடக்கும் என்று காத்து நின்ற எங்களுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். மற்றவர்கள் கலைந்த பிறகு நான் பக்கத்தில் போனேன்.

"இப்ப சந்தோஷம்தானே?"

"தெரியலக்கா" என்றாள், அடுத்த கதிரை ஒடித்துக்கொண்டே.