வக்கீல் எழுதாத நோட்டீஸ்

அந்த நகரத்தின் விடுதலைச் சங்கத்துக்குப் பதினோரு வயது. வக்கீல்கள், டாக்டர்கள், கல்லூரி ஆசிரியர்கள், மில் முதலாளி ஒருவர் என்று எண்பது பேர் அதில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். கடல் கடந்து வந்து ஆள்கிறவர்களுக்கு மிக மரியாதையாக ஒரு மனு அனுப்புவார்கள். அதைவிட மரியாதையாக, கிடைத்தது என்று பதில் வரும். கடைசியில் சங்கத் தலைவரான வக்கீலுக்கே பொறுமை போய்விட்டது. பொதுக்கூட்டம் போடுவதென்று முடிவு செய்தார். தன் கையாலேயே நோட்டீஸ் எழுதி, அடியில் பெயரையும் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு வழக்குக்காக வெளியூர் போனார்.

நோட்டீஸ் கம்பாசிட்டரின் கைக்கு வந்தது. அவள் பத்தொன்பது வருடமாக ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கிறவள். எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எந்தக் குழியில் என்பது அவள் விரலுக்குத் தெரியும். ஆறாவது வரியில் விரல் காலிக் குழியின் பலகையில் இடித்தது. 'ஷ' தீர்ந்துவிட்டது. 'மனுஷ்ய சமஷ்டியின் விசேஷ அபிலாஷை' என்று வக்கீல் வஞ்சனை இல்லாமல் எழுதியிருந்தார். அச்சகத்தில் இருந்தது ஒன்பது 'ஷ'. அவருக்குத் தேவைப்பட்டது இருபத்தாறு.

அச்சக முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

"வக்கீலய்யா சனிக்கிழமைதான் வருவாரு. வெள்ளிக்கிழமை காலையில இது சுவத்துல இருக்கணும். அர்த்தம் கெடாம நீயே ஏதாவது போட்டு முடிம்மா" என்றார் அவர்.

அந்த நேரத்தில் அவளுடைய தம்பி நாலு கூட்டாளிகளோடு காகிதக் கட்டு இறக்க வந்திருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வாசல் நிலைக்குக் குனிந்தே பழகிய உயரம். எல்லோருக்கும் அவன் நெட்டை. அக்கா அவர்களை நிறுத்தி வைத்து நோட்டீஸை வாசித்துக் காட்டினாள்.

"கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்களா, கோர்ட்டுக்குக் கூப்பிடுறாங்களா?" என்று கேட்டான் நெட்டை.

"விடுதலை வேணுங்கிறாங்கடா."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நமக்குன்னா, தினமும் துறைமுக கேட்டுல காவக்காரன் கையைத் தூக்க வச்சு உடம்பெல்லாம் தடவிப் பாக்குறானே, அது நிக்குமா? பதினாலு மணி நேர வேலை எட்டாகுமா? அதைப் போடு, நான் வர்றேன். துறைமுகத்தையே கூட்டிட்டு வர்றேன்."

அவள் எழுத்துப் பெட்டிக்குத் திரும்பினாள். அவளுக்கு இரண்டு பெண்கள். ஊரில் இருந்த ஒரே நல்ல பள்ளிக்கூடம் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு மட்டும். பிறகு விரல்கள் ஓடத் தொடங்கின.

'நம்ம ஊரை நாமே ஆளணும். எட்டு மணி நேரம் வேலை. துறைமுக கேட்டில் சோதனை நிற்கணும். எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம். ஞாயிறு நாலு மணிக்குச் சங்கக் கூடத்துக்கு வாங்க, பேசலாம்.' அடியில் வக்கீலின் பெயர். அச்சக முதலாளி, வக்கீலின் பெயரில் பிழை இல்லையே என்று மட்டும் பார்த்துவிட்டு, "மெஷினை ஓட்டு" என்றார்.

சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கிய வக்கீல், நிலையத்துச் சுவரில் தன் பெயரைப் பார்த்துப் பூரித்தார். அதற்கு மேலே இருந்ததைப் படித்தார். பெட்டியும் கையுமாக நேரே அச்சகத்துக்கு வந்தார். முதலாளி இயந்திரத்துக்குப் பின்னால் எதையோ தேடப் போய்விட்டார்.

"யார் எழுதினது இது?"

"நான்தாங்க ஐயா. 'ஷ' பத்தலை."

"'ஷ' பத்தலைன்னா எட்டு மணி நேரம் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"அதுல 'ஷ' வரலைங்களே."

வக்கீலுக்கு இருபது வருட வாதத்தில் இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. "நாளைக்குக் கூட்டம் முடியட்டும். பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே சங்கத்தின் கூடம் நிரம்பி, தெரு நிரம்பி, டிராம் நின்றுபோனது. மூட்டை தூக்குகிறவர்கள், மில் பெண்கள், காய்கறி விற்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். வேறு வழியில்லாமல் கூட்டத்தைத் துறைமுகத் திடலுக்கு மாற்றினார்கள். மேடைக்கு மில் முதலாளி தன் வீட்டு நாற்காலிகளைக் கொடுத்திருந்தார்.

வக்கீல் தயார் செய்து வந்ததைப் பேசினார். பத்து நிமிஷம் ஜனங்கள் மரியாதையாகப் புரியாமல் கேட்டார்கள். பிறகு நெட்டை எழுந்தான். எழுந்தால் தெரியாமல் இருக்க முடியாதவன்.

"ஐயா, நோட்டீஸ்ல எட்டு மணி நேரம்னு போட்டிருக்கு. நெசந்தானா?"

"அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க" என்று மில் முதலாளி காதருகே முணுமுணுத்தார்.

வக்கீல் எதிரே பார்த்தார். பதினோரு வருடத்தில் எண்பது பேருக்கு மேல் அவர் பேச்சைக் கேட்டதில்லை. இவர்கள் தன் பெயரை நம்பி வந்திருக்கிறார்கள் என்று நினைத்ததும், பேச்சுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அதை எழுதினது நான் இல்ல" என்றார். "அச்சகத்துக் கம்பாசிட்டர் அம்மா எழுதினாங்க. நான் எழுதினது வந்திருந்தா உங்கள்ல ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்க. ஆனா பேர் என்னுது. ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு."

எழுந்த சத்தத்தில் படகுத்துறைப் பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மில் முதலாளி விருட்டென்று இறங்கி, "என் நாற்காலியெல்லாம் வண்டிக்கு வரணும்" என்றார். நெட்டையும் கூட்டாளிகளுமே, ஒரு கீறல் படாமல், மிகுந்த கவனத்தோடு அவற்றைத் தூக்கிக் கொண்டுபோய் ஏற்றினார்கள். டாக்டர்களும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் கண் டாக்டர் கோட்டைக் கழற்றி விரித்து மேடைப் பலகையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "அம்மா, நீங்களும் மேல வாங்க" என்று வக்கீல் கூப்பிட்டார். கூட்டத்தில் நின்றிருந்த கம்பாசிட்டர் முகம் சிவக்க ஏறினாள். அன்றே சங்கத்தின் செயற்குழுவில் அவளும் நெட்டையும் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு செயற்குழுவில் யாரும் தூங்கவில்லை.

அடுத்த மாதம் துறைமுகம் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஆறாம் நாள் கேட் சோதனையை நிறுத்தினார்கள். எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு வருடமும், நாட்டின் விடுதலைக்கு இன்னும் ஏழு வருடமும் ஆயின.

ஆனால் கம்பாசிட்டருக்கு என்றும் மறக்காதது வேலைநிறுத்தத்தின் முதல் நாள். அப்பாக்கள் வேலை செய்யும் இடத்தை ஒருநாளும் பார்த்திராத குடும்பங்கள் துறைமுகத்துக்குள் நடந்து வந்தன. அவளுடைய சின்னவள் கிரேனின் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்து, "இவ்ளோ பெருசா, மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். நெட்டை அதை அவர் முதுகில் ஏற்றிவிட்டான். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் மூட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"எப்படிப்பா தினமும் தூக்குறீங்க?" என்று தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இன்னைக்குத் தூக்கலையேங்க" என்றான் நெட்டை. முதலில் சிரித்தது வக்கீல்தான்.